பாப்பாவுக்குப் பால் கொடுக்க எது நல்லது? கண்ணாடி புட்டியா, எவர்சில்வரா, பாட்டி வீட்டுப் பாலாடையா?

போன மாதம் அக்கா வீட்டு டைனிங் டேபிளில் ஒரு சின்னக் கண்காட்சியே நடந்தது. அலுவலகத் தோழிகள் கொடுத்த 'மூங்கில்' கிண்ணம் ஸ்பூன் செட். மெடிக்கல் ஷாப்பில் அவசரத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் புட்டி ரெண்டு. ஆன்லைனில் ஆர்டர் செய்த கண்ணாடி புட்டி ஒன்று. அத்தை பெயர் சூட்டும் விழாவுக்குக் கொண்டு வந்த வெள்ளிச் சங்கு. அம்மா பரணில் இருந்து இறக்கிக் கொண்டு வந்த, நானும் அக்காவும் பால் குடித்த எவர்சில்வர் பாலாடை. எல்லாத்துக்கும் நடுவில் அஞ்சரை மாதப் பாப்பா, எதைப் பற்றியும் கவலைப்படாமல் தன் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

26 வார மகப்பேறு விடுப்பு முடியப் போகிறது. அக்கா வேலைக்குப் போன பிறகு பாப்பாவுக்கு எதில் பால் கொடுப்பது? "பிளாஸ்டிக்கே வேண்டாம்"னு அக்கா. "இதுக்கு ஏன்டி இவ்வளவு யோசனை, பாலாடை இருக்குல்ல"ன்னு அம்மா. "நீதான் பத்திரிகையில இருக்கியே, படிச்சுப் பார்த்துச் சொல்லு"ன்னு என் தலையில் கட்டிவிட்டார்கள். படித்ததில் சில விஷயங்கள் எனக்கே ஆச்சர்யமாக இருந்தன. உங்கள் வீட்டிலும் இதே டேபிள், இதே சண்டை இருக்கலாம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு திட உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது நடக்கிற வீட்டில் புட்டியே தேவையில்லை. ஆனால் வேலை, உடல்நிலை, பால் போதாமை என்று பல காரணங்களால் எல்லோருக்கும் அது அப்படியே அமைவதில்லை. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் உட்கார வேண்டியதும் இல்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான்.

'பிபிஏ ஃப்ரீ'னு போட்டிருந்தா போதுமா?

பிளாஸ்டிக் புட்டி மேல் பயம் வந்த கதை பிபிஏ என்கிற பிஸ்பினால் ஏ-வில் இருந்து தொடங்குகிறது. கண்ணாடி மாதிரி பளிச்சென்று, கெட்டியாக இருக்கும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைச் செய்யப் பயன்படும் வேதிப்பொருள் இது. உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போல நடந்துகொள்ளக்கூடியது. பாலிகார்பனேட் பால் புட்டிகளைத் தடை செய்யப் போவதாக முதலில் அறிவித்த நாடு கனடா, 2008-ல். ஐரோப்பிய யூனியன் 2011-ல் தடை செய்தது. 2012-ல் அமெரிக்காவும் பால் புட்டிகளில் இதற்கான அனுமதியை நீக்கியது. நம் நாட்டிலும் பிளாஸ்டிக் பால் புட்டிக்கான பி.ஐ.எஸ் தரத்தை (ஐ.எஸ். 14625) 2015-ல் திருத்தியபோது பிபிஏ கூடாது என்றாகிவிட்டது.

அதனால் இன்று ஒழுங்கான கடையில் ஐ.எஸ்.ஐ முத்திரையோடு கிடைக்கும் புட்டியில் 'பிபிஏ ஃப்ரீ' என்று எழுதியிருப்பது பெரிய சலுகை இல்லை. சட்டப்படி இருக்க வேண்டியதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முத்திரை இல்லாமல், பெயர் இல்லாமல், பிளாட்பாரத்திலும் பொம்மைக் கடையிலும் தொங்கும் புட்டிகள்தான் ஆபத்து. விலை குறைவு என்று அதை மட்டும் வாங்காதீர்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், சுருக்கமாக பி.பி. இப்போது பெரும்பாலான பிளாஸ்டிக் புட்டிகள் இதில்தான் வருகின்றன. 7 என்றால் 'மற்றவை' என்று அர்த்தம். அதற்குள் நல்லதும் இருக்கலாம், பழைய பாலிகார்பனேட்டும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் "எங்க பையன் குடிச்சது, நல்லாத்தான் இருக்கு"ன்னு கொடுக்கும் பழைய புட்டியை வாங்கி வைக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சூடுதான் வில்லன்

சரி, பி.பி புட்டியில் பிபிஏ இல்லை. அப்போ கவலை இல்லையா? 2020 அக்டோபரில் அயர்லாந்தின் டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர் ஃபுட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி.பி புட்டிகளில் வழக்கமான முறையில் பவுடர் பால் கலக்கும்போது, ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு எண். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சமாக இருந்த துகள்கள், 95 டிகிரியில் ஐந்தரைக் கோடியாக ஏறியிருக்கின்றன. அதே புட்டிதான், வித்தியாசம் தண்ணீரின் சூட்டில். குலுக்கினாலும் எண்ணிக்கை கூடுகிறது.

இந்தத் துகள்கள் குழந்தையின் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதற்கு அறிவியலில் இன்னும் முடிவான பதில் இல்லை. ஆய்வு செய்தவர்களும் பெற்றோரைப் பயமுறுத்துவது நோக்கம் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் தவிர்க்க முடிகிற ஒன்றை ஏன் தவிர்க்கக் கூடாது?

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். "சூடுதானே பிரச்னை? அப்போ ஆறின தண்ணில பவுடர் பாலைக் கலந்துடலாம்"னு தோன்றும். எனக்கும் தோன்றியது. அது தப்பு. டப்பாவில் வரும் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. குரோனோபாக்டர் போன்ற பாக்டீரியா அதில் இருக்க வாய்ப்பு உண்டு. பச்சிளம் குழந்தைக்கு, அதுவும் குறைமாதக் குழந்தைக்கு, அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய் விடலாம். அதனால்தான் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே இறங்காத தண்ணீரில் பவுடரைக் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளாஸ்டிக் துகளுக்குப் பயந்து, நிச்சயமாகத் தெரிந்த கிருமிக்குக் கதவைத் திறந்துவிடக் கூடாது.

வழி சுலபம்தான். எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடிக் குவளையிலோ சூடான தண்ணீரில் பவுடரைக் கலக்குங்கள். அதிலேயே நன்றாகக் கலக்கி, வெளியே குளிர்ந்த தண்ணீரில் டம்ளரை வைத்து ஆற விடுங்கள். மணிக்கட்டில் ரெண்டு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதன் பிறகு புட்டிக்கு மாற்றுங்கள். புட்டியைக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கிய பிறகு, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டால், கொதியில் உதிர்ந்த துகளும் போய்விடும். பால் இருக்கும் பிளாஸ்டிக் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். இதைச் செய்தாலே, கையில் இருக்கும் பிளாஸ்டிக் புட்டியைத் தூக்கிப் போடாமலேயே பாதிப் பிரச்னை முடிந்தது. புதுசாகக் கண்ணாடி புட்டி வாங்க இப்போது பட்ஜெட் இல்லை என்றால், இதுவே போதும்.

கண்ணாடின்னா எல்லாம் ஒரே கண்ணாடி இல்ல

வாங்கலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு: கண்ணாடி புட்டிக்கும் பி.ஐ.எஸ் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 5168. முத்திரையைத் தேடுங்கள். அடுத்து, 'போரோசிலிகேட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜூஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் செய்கிற சாதாரண சோடா-லைம் கண்ணாடி சூடானால் அதிகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளிராகவும் இருந்தால் டப்பென்று விரிசல். போரோசிலிகேட் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விரியும். கெமிஸ்ட்ரி லேபில் பர்னர் மேல் வைத்தோமே, அந்தக் குடுவைக் கண்ணாடிதான் இது.

அதற்காக அதை வம்புக்கு இழுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததும் கொதிக்கும் தண்ணீருக்குள் போட வேண்டாம். பாத்திரத்தின் அடியில் ஒரு காட்டன் துணியை மடித்துப் போட்டு, புட்டியைப் பச்சைத் தண்ணீரில் முழுக மூழ்க வைத்து, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, பிறகு அடுப்பை ஏற்றுங்கள். கொதி வந்து 10 நிமிடம். அந்தத் தண்ணீரிலேயே ஆற விடுங்கள். எங்கம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் ஜாடி மாதிரியே பண்ற"ன்னு சிரித்தார். அதேதான்.

கண்ணாடியின் பெரிய லாபம், பால் வாடை ஒட்டாது, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் கீறல் விழாது, அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களுக்குள் பால் போய் உட்கார்ந்துகொள்ளும். நஷ்டம், கனம். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 240 மில்லி கண்ணாடி புட்டி கையை விட்டு நழுவலாம். சிலிகான் உறை போட்டால் பிடிமானம் கிடைக்கும். ஆனால் உறைக்குள் விரிசல் விட்டாலும் தெரியாது. தினமும் ஒரு தடவை உறையைக் கழற்றி, விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு சின்ன சில்லு பெயர்ந்திருந்தாலும் குப்பைக்குத்தான். குழந்தை தானே புட்டியைப் பிடித்துத் தூக்கி எறியும் வயசு வந்ததும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள்.

பொம்மைப் படம், பளபள பெயின்ட் போட்ட கண்ணாடி வேண்டாம். சாயத்தில் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. வெறும் அளவுக் கோடு மட்டும் இருப்பதே போதும். இன்னொன்று, 'பிளாஸ்டிக் இல்லாத புட்டி' என்று வாங்கினாலும் மேலே மூடியும் வளையமும் பெரும்பாலும் பி.பி பிளாஸ்டிக்தான். சூடான பால் அதில் தேங்கி நிற்பதில்லை என்பதால் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

எவர்சில்வர் புட்டியும் இப்போது நிறைய வருகிறது. உடையாது, வெளியூருக்குத் தூக்கிப் போகலாம். 304 அல்லது 18/8 என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல் என்று அர்த்தம். உள்ளே எவ்வளவு பால் இருக்கிறது, அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று தெரியாதது குறை. அமெரிக்காவில் 2022-ல் ஒரு நிறுவனத்தின் குழந்தைகளுக்கான சுமார் 10,500 எவர்சில்வர் கப், புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். அடிப்பாகம் பெயர்ந்தால் உள்ளே காரீயம் கலந்த பற்றவைப்புப் புள்ளி வெளியே தெரிந்ததுதான் காரணம். இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க் டைப் வாங்கினால், அடி நெளிந்து, தட்டு ஆடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

நிப்பிளைப் பொறுத்தவரை, வெளிர் நிறத்தில் இருப்பது சிலிகான், பழுப்பு நிறத்தில் இருப்பது ரப்பர் பாலில் செய்தது. ரப்பர் மென்மையாக இருந்தாலும் சீக்கிரம் பிசுபிசுப்பாகும், சில குழந்தைகளுக்கு அலர்ஜியும் வரலாம். சிலிகான் சூட்டைத் தாங்கும். எதுவாக இருந்தாலும் கிழிந்தால், உப்பினால், ஒட்டினால் மாற்றிவிட வேண்டும். பால் வேகமாக வரட்டும் என்று ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. புரை ஏறும், வேண்டாம்.

அம்மா கொண்டு வந்த பாலாடை

இப்போது நம்ம வீட்டுப் பொருளுக்கு வருவோம். பாலாடை என்றதும் பால் மேல் படியும் ஏடு என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கம் மூக்கு நீண்ட குட்டிக் கிண்ணம். சில ஊரில் சங்கு, சில ஊரில் சங்கடை. நாம் 'பழைய காலத்துப் பொருள்' என்று பரணில் போட்டதை, இந்தியாவில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில மருத்துவ இதழ்களில்கூட அதன் பெயர் 'பாலாடை'தான். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு, அம்மாவிடம் இருந்து எடுத்த தாய்ப்பாலை இதில்தான் புகட்டுகிறார்கள்.

காரணம் ரொம்ப எளிது. மூலை முடுக்கு இல்லை, திருகு இல்லை, நிப்பிள் இல்லை. மொத்தமும் கண்ணுக்குத் தெரியும், விரல் எட்டும். தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. புட்டியில் எது பிரச்னை என்று பார்த்தால், பாதி நேரம் பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்பதைவிட, நிப்பிள் மடிப்பிலும் வளையத்துக்கு அடியிலும் காய்ந்துபோன பால்தான். வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் வருகிறது. அதோடு, நிப்பிளுக்குப் பழகிய குழந்தை அம்மாவிடம் குடிக்க அடம் பிடிக்கும் தொல்லையும் இதில் குறைவு.

ஆனால் புகட்டும் விதம் முக்கியம். குழந்தையை மடியில் படுக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்ததும் ஊற்றுவதை நம் பாட்டிகள் சிலர் செய்வார்கள். அதை மட்டும் பாட்டியிடம் இருந்து வாங்காதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தையை ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில், தலையைத் தாங்கிப் பிடியுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின் ஓரத்தில் வையுங்கள். கொஞ்சமாகச் சாய்த்து, விழுங்கிய பிறகு அடுத்தது. தூங்குகிற குழந்தைக்கும், அழுகிற குழந்தைக்கும் புகட்டக் கூடாது. நேரம் ஆகும், பாதி கழுத்தில் ஒழுகும், ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

அத்தையின் வெள்ளிச் சங்கு? ஹால்மார்க் இருக்கிற, கல் பதிக்காத, வேலைப்பாடு இல்லாத வழவழ சங்காக இருந்தால் பயன்படுத்தலாம். மயில், மாங்காய் என்று செதுக்கிய சங்கின் இடுக்கில் பால் காயும். அத்தையிடம் நன்றி சொல்லி பீரோவில் வைத்துவிடலாம்.

பழசுன்னா எல்லாம் நல்லதா?

பாலாடையைப் புகழ்ந்ததும், "அப்போ செம்பு டம்ளர், பித்தளைக் கிண்ணமும் வாங்கலாமே"ன்னு அக்கா கேட்டாள். இப்போது அது ஃபேஷன் வேறு. குழந்தைப் பாலுக்கு அது வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளைக் கல்லீரல் சுருக்க நோய் ஒன்று வாரிக்கொண்டு போனது. உலகத்தில் வேறெங்கும் அதிகம் காணப்படாததால் 'இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ்' என்றே அதற்குப் பெயர். இறந்த குழந்தைகளின் கல்லீரலில் செம்பு மிக அதிகமாக இருந்தது. 1980-களில் புனேயில் மருத்துவர்கள் ஆராய்ந்து, காரணத்தை அடுப்படியில் கண்டுபிடித்தார்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பாலைக் காய்ச்சி, அதிலேயே வைத்துக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாலில் உள்ள புரதம் செம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் எவர்சில்வராக, அலுமினியமாக மாற மாற அந்த நோயும் அரிதாகிப்போனது. 'இயற்கை', 'பாரம்பரியம்' என்ற லேபிளைப் பார்த்ததும் மயங்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே லேபிள்தான் அந்த மூங்கில் கிண்ணத்திலும் இருந்தது. தட்டிப் பார்த்தேன், பீங்கான் மாதிரி சத்தம். நிஜ மூங்கிலைக் குடைந்து செய்தால் நார் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். வழவழவென்று, கலர் கலராக அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அது மூங்கில் தூளை மெலமைன் பிளாஸ்டிக்கில் கலந்து செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சூடான உணவு பட்டால் இதிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் இறங்கும். உணவு தொடும் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூள் கலக்க அனுமதி இல்லை என்று சொல்லி, ஐரோப்பிய யூனியன் 2021-ல் இந்தப் பொருட்களைச் சந்தையில் இருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. 'பிளாஸ்டிக் இல்லாதது' என்று அக்கா நம்பிய அந்த செட்தான், டேபிளில் இருந்ததிலேயே சூடான கஞ்சிக்கு ஆகாத பிளாஸ்டிக். ஆறு மாதத்துக்குப் பிறகு கூழ், பருப்பு சாதம் ஊட்ட ஒரு எவர்சில்வர் கிண்ணமும், விளிம்பு மழுங்கிய சின்ன ஸ்பூனும் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும்.

இவ்வளவு எழுதியும் ஒரு பிராண்ட் பெயரைக்கூடச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான குழந்தை உணவு ஆகியவற்றை இந்தியாவில் விளம்பரம் செய்யக் கூடாது. அம்மாக்களுக்கு இலவச சாம்பிள், பரிசு என்று ஆசை காட்டவும் கூடாது. அதனால், "இந்த கோடு போட்டா பால் புட்டிக்கு ஆஃபர்"னு ரீல்ஸில் யாராவது சிரித்தபடி சொன்னால், அவரது அடுத்த பரிந்துரையையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசியாக, எதை வாங்குவது என்பதைவிட யார் கொடுக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். க்ரெஷ்ஷில் பத்துக் குழந்தைக்கு நடுவில் ஒரு ஆயாம்மா பாலாடையில் நிதானமாகப் புகட்ட முடியாது. அங்கே உறை போட்ட கண்ணாடி புட்டியோ, ஆறிய பாலை ஊற்றிய நல்ல பி.பி புட்டியோதான் நடைமுறை. கண்ணாடியை அனுமதிக்காத க்ரெஷ்களும் உண்டு, வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால் கதை வேறு. ஆறு மாதம் ஆகிவிட்டால், குழந்தை சின்ன எவர்சில்வர் டம்ளரில் விளிம்பில் வைத்துக் குடிக்கவே கற்றுக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதான். அதனால் எடுத்த தாய்ப்பால் மூடியுள்ள சின்னக் கண்ணாடி பாட்டில்களில், தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜின் உள்பக்கம் இருக்கும், கதவுப் பக்கம் இல்லை. அங்கே நான்கு நாள் வரை தாங்கும். 25 டிகிரி அறையில் என்றால் நான்கு மணி நேரம் என்பதுதான் கணக்கு. சென்னை மே மாதத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது என்பதால், எடுத்த உடனே ஃப்ரிட்ஜ். கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாட்டிலை வைத்துக் குளிர் போக்கி, பாலாடையில். கண்ணாடி புட்டி வெளியூர்ப் பயணத்துக்கு. முதல் ஒத்திகை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 60 மில்லியில் பாப்பா குடித்தது 40, அம்மாவின் புடவை குடித்தது 20.